கள்ளிக்காட்டின் பிரதிநிதி எப்படி ஓட்டளித்தார்?

1961 ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 88 ஆம் விதி என்று ஒன்று உண்டு. தேர்தலில் நின்ற அபேட்சகர் எவரானாலும், அவர் ஜயம் பெற்றவராயினும் டெபாசிட் இழந்தவராயினும், அவர் ஒப்படைத்த செலவுக் கணக்கை ஒரு ரூபாய் கட்டணம் செலுத்துகிற யாரும் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கேட்டுப் பார்வையிடலாம் என்றும், அதற்கென விதிக்கப்பட்ட தொகையைக் கட்டினால் அத்தாட்சி பெற்ற நகலையே வாங்கிக்கொண்டு போகலாம் என்றும் அந்த விதி சொல்லுகிறது. பார்க்க வருகிறவர் அந்தத் தொகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அதில் இல்லை. ஜனநாயகத்தின் சாசனங்களில் இவ்வளவு தாராளமான வாசகம் வேறெங்கும் இருக்குமா என்று நான் வியந்ததுண்டு.

ஆனால் நெய்யாறு அணையின் நிழலில் வாழும் கள்ளிக்காட்டு வாசி ஒருவர், தம் தொகுதியின் சட்டசபை அங்கத்தினர் கடந்த 5 ஆண்டுகளில் நிறைவேறிய மசோதாக்களில் எதற்குச் சம்மதம் தந்தார், எதற்கு மறுப்புச் சொன்னார் என்று அறிய விரும்பினால், ஒரு ரூபாய்க்கும் அது கிடைக்காது, ஒரு லட்சத்துக்கும் கிடைக்காது. தேடிப் பிடிக்க முடியாத இடத்தில் அது ஒளிந்திருப்பதாக எண்ண வேண்டாம். பெரும்பாலான மசோதாக்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு பதிவே எழுதப்படுவதில்லை. பணத்துக்குக் கணக்கு உண்டு, பணம் செலவழித்து அடைந்த பதவியில் அவர் அளித்த ஓட்டுக்குக் கணக்கு இல்லை என்ற இந்த விபரீதமே இக்கட்டுரையின் பொருள்.

கள்ளிக்காடு பாறசாலைத் தொகுதியைச் சேர்ந்த பஞ்சாயத்து. வெள்ளறடை, அம்பூரி, ஒற்றசேகரமங்கலம், பெருங்கடவிளை, குன்னத்துகால் என்று ரப்பரும் மரச்சீனியும் விளைகிற மலையடிவாரக் கிராமங்களைக் கோத்துக்கொண்டு தெற்கே தமிழ்நாட்டின் எல்லைவரை இறங்கி வருகிற தொகுதி அது. அதற்கு மேற்கே கடலோரம் வரை நெய்யாற்றின்கரைத் தொகுதி. 1956 நவம்பர் 1 ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த தாலுக்காக்களில் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. எல்லைக்கோடு அன்று பிரித்ததெல்லாம் நிர்வாகத்தைத்தான். கல்யாணம், சாவு, சந்தை, கோயில் கொடை, மாதா கோயில் திருநாள் எல்லாம் களியக்காவிளைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமுமாக இன்றும் நடக்கின்றன.

சட்டசபையில் விழும் ஒரு ஓட்டுக்கு என்ன சக்தி உண்டு என்பதை இந்தப் பிரதேசத்து ஜனங்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1951-52 தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் சார்பில் திருவிதாங்கூர்-கொச்சி சபைக்குப் போன சிறு குழுவின் ஆதரவில்தான் ஏ. ஜே. ஜானின் மந்திரிசபை நின்றது; அந்த ஆதரவு விலகியபோது 1953 செப்டம்பரில் அது கவிழ்ந்தது. அந்த நாளில் எந்த அங்கத்தினர் எந்தப் பக்கம் என்பது ரகசியமாக இருக்கவில்லை. அந்தக் காங்கிரஸின் தலைவர் மார்ஷல் நேசமணியின் கட்சிக்காரர் சபையில் என்ன செய்தார் என்று விளவங்கோட்டு டீக்கடையில் கேட்டால் பதில் கிடைத்த காலம் அது.

அதற்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பிறகு இதே பிரதேசத்தில் நடந்த மற்றொரு சம்பவம், ஓட்டும் கட்சியும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்குச் சரியான உதாரணம். முன்பு பாறசாலையின் அங்கத்தினராக இருந்தவரும், 2011 தேர்தலில் நெய்யாற்றின்கரையில் மார்க்சிஸ்ட் கட்சியின் அபேட்சகராக நின்று காங்கிரஸின் தம்பானூர் ரவியை 6,702 ஓட்டு வித்தியாசத்தில் வென்றவருமான ஆர். செல்வராஜ், 2012 மார்ச் 9 ஆம் தேதி திடீரென்று தம் அங்கத்தினர் பதவியை ராஜிநாமா செய்தார். உம்மன் சாண்டியின் ஐக்கிய ஜனநாயக முன்னணி 140 பேர் கொண்ட சபையில் 72 இடங்களை மட்டும் பெற்று ஆட்சிக்கு வந்திருந்தது, மந்திரி டி. எம். ஜேக்கப் காலமானதால் அந்த 72 இலும் ஒன்று குறைந்து, பிறவம் தொகுதியில் இடைத்தேர்தல் நடக்க எட்டு நாள் மட்டுமே இருந்தது. எதிர்த்தரப்பில் ஓர் இடம் காலியாவது ஆளும் தரப்புக்கு எவ்வளவு பெரிய ஆசுவாசம் என்பதைக் கணக்கிட எண்கணித நிபுணர் தேவையில்லை. சில வாரங்களில் செல்வராஜ் காங்கிரஸில் சேர்ந்து, அதே தொகுதியில், அதே ஆண்டு ஜூன் 2 ஆம் தேதி, கைச் சின்னத்தில் நின்றார். மார்க்சிஸ்ட் அபேட்சகர் எஃப். லாரன்ஸுக்கு 46,194 ஓட்டு, செல்வராஜுக்கு 52,528, பாரதிய ஜனதாவின் ஓ. ராஜகோபாலுக்கு 30,507. வித்தியாசம் 6,334. ஓராண்டுக்கு முன் ஒரு கொடியின் கீழ் அவர் பெற்ற வித்தியாசத்துக்கும், அதற்கு நேர் எதிர்க் கொடியின் கீழ் பெற்ற வித்தியாசத்துக்கும் 400 ஓட்டுகூட வேறுபாடு இல்லை.

அந்தப் பிரசாரத்தின் நடுவிலேதான், மே 4 ஆம் தேதி, ஒஞ்சியத்தில், மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்துபோன டி. பி. சந்திரசேகரன் கொலையுண்டார். ஓட்டுப்பதிவு நாளன்றே மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் வி. எஸ். அச்சுதானந்தன் அவருடைய வீட்டுக்குச் சென்றதும், அது தம் கட்சியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்ததும் கேரளம் அறிந்த கதை. ஆகவே அந்தத் தேர்தல் முடிவுக்கு ஒற்றைக் காரணம் சொல்லுவது நியாயமாகாது. செல்வராஜ் செய்ததில் சட்டப் பிழையும் இல்லை: பதவியை விட்டு இறங்கி மக்களிடமே திரும்பிப் போனவர், பதவியில் ஒட்டிக்கொண்டே கட்சி மாறுகிறவரைவிட நேர்மையானவர் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் திரும்பி வந்தவரிடம் வாக்காளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எதிர்க்கட்சி வரிசையில் இருந்த அந்தப் பத்து மாதங்களில் சபையில் நீங்கள் எவற்றை எதிர்த்தீர்கள், இனி அவற்றை ஆதரிப்பீர்களா? இதற்குப் பதிலாகக் காட்டத்தக்க பத்திரம் இருந்திருந்தால் அந்தத் தேர்தல் கொடியைப் பற்றியதாக இல்லாமல் கொள்கையைப் பற்றியதாக இருந்திருக்கும்.

முதலில் பணத்தின் பக்கத்தைப் பார்ப்போம். ஏனெனில் அங்கே சட்டம் நிறையவே செய்திருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77 ஆம் பிரிவு, வேட்புமனு தாக்கல் செய்த நாள்முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள்வரை ஆகும் ஒவ்வொரு செலவுக்கும் அபேட்சகர் தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது. 78 ஆம் பிரிவு, முடிவு வெளியான 30 நாட்களுக்குள் அதை ஒப்படைக்கச் சொல்லுகிறது. கேரளம் போன்ற பெரிய ராஜ்யங்களில் சட்டசபை அபேட்சகருக்கான உச்சவரம்பு, நெய்யாற்றின்கரை இடைத்தேர்தல் நடந்த காலத்தில் 16 லட்சம் ரூபாய். 2014 இல் அது 28 லட்சமாகவும், 2020 இல் 30 லட்சத்து 80 ஆயிரமாகவும், 2022 ஜனவரியில் 40 லட்சமாகவும் உயர்ந்தது. தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். அபேட்சகருக்கு அளிக்கப்படும் பதிவேட்டில் வெள்ளைத் தாள்கள் அன்றாடச் செலவுக்கும், இளஞ்சிவப்புத் தாள்கள் ரொக்கத்துக்கும், மஞ்சள் தாள்கள் வங்கிக் கணக்குக்கும் என்று வகுக்கப்பட்டிருக்கின்றன. பிரசார காலத்தில் மூன்று முறையேனும் அந்தப் பதிவேடு பரிசோதனைக்கு வர வேண்டும். மேடைக்கு எத்தனை நாற்காலி, நாற்காலிக்கு என்ன வாடகை, தொண்டருக்குத் தேநீர் என்ன விலை, ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புக்கு நாளொன்றுக்கு என்ன கூலி என்று மாவட்டத் தேர்தல் அதிகாரி விலைப்பட்டியல் ஒன்றை முன்கூட்டியே வெளியிடுகிறார். அபேட்சகர் எழுதும் கணக்குக்கு இணையாக அதிகாரிகளே ஒரு நிழற்கணக்கும் எழுதிவருகிறார்கள். பிரசாரம் முடியும் நாளன்று பாறசாலைச் சந்திப்பில் செண்டையும் கொடியும் கூட்டமுமாக நடக்கும் கொட்டிக்கலாசத்தைப் படம் பிடித்து, அதிலிருந்து வாகனங்களை எண்ணி, நிழற்கணக்கில் ஏற்றுவதும் அவர்கள் வேலை.

இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் ஒரு பிரஜை செய்யத்தக்க முதல் ஆராய்ச்சி. அபேட்சகர் எழுதாமல் விட்டு அதிகாரி எழுதியது எது என்று பார்த்தாலே அவருடைய கணக்கின் குணம் தெரிந்துவிடும். 2009 மக்களவைத் தேர்தலில் போட்டியிட்டவர்களில் கணக்கு ஆராயப்பட்ட 6,753 பேரில் தாம் வரம்பை மீறிச் செலவு செய்ததாக எழுதிக்கொடுத்தவர்கள் நால்வரே என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் எடுத்துக்காட்டிய பிறகும், கணக்குகள் உண்மையைச் சொல்லுகின்றன என்று நம்புவது கடினம். ஆயினும் பொய்க் கணக்கும் ஒரு சாட்சிதான். கையெழுத்திட்டுக் கொடுத்த பொய்யை நிரூபிக்கலாம், எழுதாத பொய்யை நிரூபிக்க முடியாது.

நிரூபிக்கப்பட்டும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலித் தொகுதி அங்கத்தினர் உமலேஷ் யாதவ், பத்திரிகையில் செய்திபோல் வெளிவந்த விளம்பரத்தின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10-ஏ பிரிவின்படி மூன்றாண்டுகளுக்குத் தகுதி இழந்தார். கணக்கை ஒப்படைத்தாரா இல்லையா என்பதை மட்டுமல்லாமல், ஒப்படைத்த கணக்கு மெய்யா பொய்யா என்பதையும் தேர்தல் ஆணையம் விசாரிக்கலாம் என்று அசோக் சவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. எனினும் மத்தியப் பிரதேசத்தின் நரோத்தம் மிஸ்ரா 2008 தேர்தலில் செய்ததாகச் சொல்லப்பட்ட இதே வகைக் குற்றத்துக்கு ஆணையத்தின் தீர்மானம் 2017 இல்தான் வந்தது. மறு ஆண்டே தில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஐந்தாண்டுப் பதவிக்கு ஒன்பதாண்டு விசாரணை என்றால், சட்டத்தின் பல் எவ்வளவு கூரியதாக இருந்தும் பயன் சொற்பமே.

இதைவிடப் பெரிய துவாரம் கட்சியின் செலவு. கட்சி தன் அபேட்சகருக்காகச் செய்கிற செலவும் அவர் கணக்கிலேயே சேரும் என்று 1974 அக்டோபரில் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மாதம் முடிவதற்குள் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பை வலுவிழக்கச் செய்தார்கள். 2003 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நிலைமை ஓரளவு சீர்பட்டாலும், நட்சத்திரப் பிரசாரகர்களின் பயணமும் கட்சியின் பொதுப் பிரசாரமும் அபேட்சகர் கணக்கில் ஏறுவதில்லை. கட்சியின் செலவுக்கு வரம்பு என்பதே கிடையாது. அந்தக் கணக்கு தேர்தல் முடிந்து 75 நாட்களில் ஆணையத்துக்குப் போகிறது. கள்ளிக்காட்டில் செலவான ரூபாய் எது, காசர்கோட்டில் செலவானது எது என்று அதில் பிரித்தறிய வழியில்லை. வரவின் பக்கமோ இன்னும் இருட்டு. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைக்கே பெயர் சொல்ல வேண்டும். கேரளத்தில் பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் பக்கெட்டை ஏந்தி எடுக்கப்படும் வசூல் பணத்தில், கூலிக்காரர் போட்ட பத்து ரூபாயும் உண்டு, வேறு யாரோ கட்டுக்கட்டாகப் போட்டதும் இருக்கலாம். இரண்டும் ஒரே பாத்திரத்தில் விழுந்தபின் ஒரே நிறமாகிவிடுகின்றன. 2018 இல் வந்த தேர்தல் பத்திரத் திட்டம் பெருந்தொகை கொடுத்தவரையும் மறைத்துவைத்தது. 2024 பிப்ரவரி 15 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று அறிவித்துக் கொடுத்தவர் பெயர்களை வெளியிடச் செய்தபோது, வாக்காளருக்கு அறியும் உரிமை உண்டு என்பதையே அடிப்படையாகக் கொண்டது.

அறியும் உரிமை பணத்தோடு நின்றுவிடலாமா? இங்கேதான் ஓட்டின் பக்கம் வருகிறது.

2020 டிசம்பர் 31 ஆம் தேதி, மத்திய அரசாங்கத்தின் மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறக் கோரும் தீர்மானத்தை முதல் மந்திரி பினராயி விஜயன் கேரளச் சட்டசபையில் கொண்டுவந்தார். சபையில் பாரதிய ஜனதாவுக்கு இருந்த ஒரே அங்கத்தினர், எட்டாண்டுகளுக்கு முன் நெய்யாற்றின்கரையில் மூன்றாவதாக வந்து பின்னர் 2016 இல் நேமம் தொகுதியில் வென்ற அதே ஓ. ராஜகோபால். அவர் விவாதத்தில் தீர்மானத்தைக் குறைகூறிப் பேசினார். குரல் வாக்கெடுப்பின்போது எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. வெளியே வந்து, சபையின் பொது அபிப்பிராயத்தோடு தாமும் ஒத்துப்போனதாக அவர் சொன்னதாகச் செய்தி பரவிற்று. பிற்பாடு, தாம் எதிர்த்ததாகவும், ஆதரிப்போர் யார் எதிர்ப்போர் யார் என்று சபாநாயகர் தனித்தனியே கேட்கவில்லை என்றும் அவர் அறிக்கை விட்டார். தேசமே கவனித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தில், 60 ஆண்டு அரசியல் அனுபவமுள்ள ஒருவர் எப்படி ஓட்டளித்தார் என்பதை அன்று மாலை அவரது வாய்மொழியைத் தவிர வேறெதைக் கொண்டும் தீர்மானிக்க முடியவில்லை. அவருடைய மனத்தை ஆராய்வது என் நோக்கமன்று. குற்றம் குரல் வாக்கெடுப்பு என்னும் முறையிலே இருக்கிறது.

அம்முறையில் சபாநாயகர் கேள்வியை வைப்பார். ஒரு பக்கத்துச் சப்தமும் மறுபக்கத்துச் சப்தமும் அவர் காதில் விழும். எது பெரிதென்று அவர் தீர்மானித்துச் சொல்லுவார். நடவடிக்கைக் குறிப்பில் மசோதா நிறைவேறியது என்ற ஒரு வரி எழுதப்படும். யாராவது ஓர் அங்கத்தினர் எழுந்து பிரிவு வாக்கெடுப்பு வேண்டும் என்று வற்புறுத்தினால் மட்டுமே பெயர் பெயராக ஓட்டு பதிவாகும். ஆட்சி ஊசலாடும் நாட்களில்தான் அந்த வற்புறுத்தல் எழுகிறது. 1982 இல் கருணாகரன் மந்திரிசபை சமபலச் சபையில் நின்றபோது, சபாநாயகர் ஏ. சி. ஜோஸ் தம் முடிவோட்டைத் திரும்பத் திரும்ப அளித்து அதைத் தாங்கினார். லோனப்பன் நம்பாடன் ஒருவர் விலகியதும் மார்ச் 17 ஆம் தேதி அது வீழ்ந்தது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி 18 ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி 122-க்கு 11 என்ற கணக்கில் நம்பிக்கை ஓட்டு வென்றபோதும் ஒவ்வொருவரும் நின்று எண்ணப்பட்டார்கள். மந்திரிகளின் நாற்காலிக்கு ஆபத்து என்றால் ஒவ்வோர் ஓட்டும் எண்ணப்படுகிறது. குடிமக்களின் நிலமும் நீரும் மொழியும் சம்பந்தப்பட்டதென்றால் சப்தம் போதும் என்றாகிறது. இந்தத் தாரதம்மியத்தை நான் அநியாயம் என்றே கருதுகிறேன்.

இங்கிலாந்தின் காமன்ஸ் சபை தன் அங்கத்தினர்களின் பிரிவு வாக்கெடுப்புப் பட்டியலை 1836 முதல் அச்சிட்டு வெளியிட்டுவருகிறது. அபேட்சகரின் செலவுக்கு அவர்கள் வரம்பு விதித்ததோ 1883 இல்தான். அதாவது அவர்கள் முதலில் ஓட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பிறகு பணத்தின்மீது கை வைத்தார்கள். பின்னதை நாம் எடுத்துக்கொண்டோம், முன்னதை விட்டுவிட்டோம்.

கட்சிக் கட்டளையை மீறினால் பதவி போய்விடும், ஆகவே அங்கத்தினரின் ஓட்டு கட்சியின் ஓட்டே, அதைத் தனியே பதிவுசெய்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் உண்டு. 1985 இல் வந்த பத்தாவது அட்டவணை அப்படிச் சொல்லுவது உண்மை. ஆனால் 1992 இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆட்சியின் நிலைப்பையோ கட்சியின் அடிப்படைக் கொள்கையையோ தொடும் ஓட்டெடுப்புகளுக்கே அந்தக் கட்டளை பொருந்த வேண்டும் என்று அதன் எல்லையைச் சுருக்கியிருக்கிறது. மற்ற விஷயங்களில் அங்கத்தினருக்குத் தம் மனச்சாட்சியும் தம் தொகுதியும் உண்டு. கட்டளைக்குக் கட்டுப்பட்டே ஓட்டளித்தாலும், கட்டுப்பட்டார் என்பதைத் தொகுதி அறிய வேண்டாமா?

கள்ளிக்காட்டு மக்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. நெய்யாறு அணை 1958 இல் அவர்கள் மண்ணில் எழுந்தது. அதன் இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி விளவங்கோட்டில் ஏறத்தாழ 9,200 ஏக்கருக்குப் பாய வெட்டப்பட்டது. 2004 முதல் கேரளம் அந்தத் தண்ணீரை விடவில்லை. 2012 இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. கால்வாயின் வால்பக்கத்தில் வயல் வைத்திருப்பவர், தலைப்பக்கத்தில் ஓட்டுள்ளவரின் மைத்துனராக இருக்கிற பிரதேசம் இது. 2006 மார்ச்சில் முல்லைப்பெரியாறு நீர்மட்டத்தை 136 அடிக்குள் நிறுத்துவதற்காகக் கேரளச் சபை நீர்ப்பாசனச் சட்டத்தைத் திருத்தியபோது அது ஏகமனதாக நிறைவேறியது. 2014 மே 7 ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லாததாக்கியது. அந்தத் திருத்தம் நிறைவேறிய அன்று சபையில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் பிரதிநிதிகள் இருந்தார்கள். அவர்கள் மனமுவந்து சம்மதித்தார்களா, மௌனமாக இருந்தார்களா, சபைக்கு அன்று வந்தார்களா என்பதை ஏகமனதாக என்ற ஒரே சொல் விழுங்கிவிட்டது. மொழி விஷயமும் அவ்வாறே. 1969 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் கேரளத்துத் தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியில் அரசாங்கத்துக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் உரிமை அளிக்கிறது. அந்த உரிமையைத் தொடுகிற எந்த மசோதா வந்தாலும், எல்லைத் தொகுதி அங்கத்தினர்களின் ஓட்டைப் பெயரோடு காண்பது இங்குள்ள தமிழருக்கு அவசியம்.

கேரளச் சட்டசபை இதற்குத் தகுதியற்ற சபை என்று யாரும் சொல்ல முடியாது. மசோதாக்களை நுணுகி ஆராய்வதற்கு விஷயவாரிக் குழுக்களை இந்தியாவிலேயே முதலில், 1980 இல், அமைத்த சபை அது. அந்தக் குழுக்களின் அறிக்கையில் மாறுபட்ட கருத்துடையவர் தம் பெயரோடு எழுதிச் சேர்க்கும் குறிப்பு, அங்கத்தினரின் தனி நிலைப்பாட்டைக் காட்டும் அரிய பத்திரம். கேள்வி நேரத்தில் யார் எதைக் கேட்டார், மந்திரி என்ன பதில் சொன்னார் என்பதும் அச்சில் கிடைக்கிறது. வேட்புமனுவோடு தரப்படும் சொத்து, கடன், வழக்கு விவரப் பிரமாணப் பத்திரம் உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளின் பயனாக எல்லோர் கைக்கும் எட்டுகிறது. இவற்றையெல்லாம் ஓர் அங்கத்தினரின் பெயரின் கீழ்த் தொகுத்து வைத்தால் முக்கால் சித்திரம் உருவாகிவிடும். வெற்றிடமாக நிற்பது ஓட்டு ஒன்றே.

அதை நிரப்புவதற்கு அரசியல் சாசனத் திருத்தம் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். மசோதா இறுதியாக நிறைவேறும் கட்டத்தில் பிரிவு வாக்கெடுப்பே நடக்கும் என்று சபை தன் நடைமுறை விதிகளில் ஒரு விதியைச் சேர்த்தால் போதும். அது வரும்வரை எதிர்க்கட்சிக்காரராயினும் ஆளுங்கட்சிக்காரராயினும் ஒரே ஓர் அங்கத்தினர் ஒவ்வொரு மசோதாவின்போதும் எழுந்து பிரிவு வேண்டும் என்று கேட்கலாம். செலவுக் கணக்கோ, மாவட்டத் தலைநகரில் ஓர் அறைக்குள் இருப்பதற்குப் பதிலாக, கள்ளிக்காடு, வெள்ளறடை, பாறசாலை பஞ்சாயத்து அலுவலகங்களில் மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டப்படலாம். 30 நாள் கெடு முடிந்த மறுநாளே அது நடக்கலாம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு இந்த மலையடிவாரத்துக்கு ஏறி வரும் ஒவ்வோர் அபேட்சகரிடமும், எந்தக் கொடியாயினும், ரஸ்தாவையும் பாலத்தையும் பற்றிக் கேட்பதற்கு முன்பாக இதைக் கேட்க வேண்டும்: சபையில் எழுந்து நின்று பிரிவு வாக்கெடுப்பு கேட்பீர்களா, உங்கள் ஓட்டுகளின் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பஞ்சாயத்தின் சுவரில் ஒட்டுவீர்களா?